மாதையன் எடுத்த மணல்

தன் வீட்டு மூட்டையிலிருந்து தானே மணல் திருடுகிற ஆள் இந்த ஜவ்வாது மலையில் மாதையன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

மார்கழியில் அங்கே பனி மேலிருந்து விழுவதில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வரும். ஓடைப் பக்கம் கிளம்பி, அறுத்துப்போட்ட சாமைக்கொல்லையைக் கடந்து, வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் இருக்கும். அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பனிக்குள் நுழைவாள். ஆடு மறையும், அவள் மறைவாள், கடைசியில் மணிச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும். அதுவும் அடங்குகிறவரைக்கும் மாதையன் தேன்பெட்டியைத் துடைக்கிற பாவனையில் நின்றிருப்பான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போவான்.

பலா மரத்தடியில் உரச்சாக்கு ஒன்று நிற்கும். வாயை நூல் கயிற்றால் கட்டியிருப்பாள். அவிழ்த்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி மரத்தின் வேரில் கொட்டுவான். எடுத்த இடம் பள்ளமாகத் தெரியாமல் இருக்கச் சாமை உமியைப் போட்டு அமுக்குவான். மேலே ஒரு கை மணலைத் தூவுவான். முடிச்சை அவள் போட்டதுபோலவே திருப்பிப் போடுவான். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து, மணிச் சத்தம் திரும்பி வருகிறதா என்று காது கொடுப்பான்.

இத்தனைக்கும் அவன் செய்தது பெண்டாட்டியின் நல்லதுக்குத்தான். அப்படித்தான் அவன் நினைத்தான்.

ஆடி மாசம் ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், ஈரப்பாறையில் வழுக்கிக் கையை ஊன்றினாள். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு உடைந்தது. போளூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், இந்த அளவு விழுந்ததுக்குக் கை உடையக்கூடாதே என்று யோசித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தவர், "எலும்பு மெலிஞ்சிருக்கு" என்றார். மாதையனுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், "இன்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"சாமை, புளி, கொஞ்சம் தேன்பெட்டி வெச்சிருக்கேன் சார்."

"அப்போ தேனடை தெரியும்ல? எலும்பும் உள்ள அப்டிதான் இருக்கும். இவங்களுக்கு ஓட்டை பெருசாயிடுச்சு. இனிமே தலைச்சுமை மட்டும் கூடவே கூடாது."

டாக்டர் புரியட்டும் என்று சொன்னார். ஆனால் தேனடையை டாக்டரைவிட மாதையனுக்கு நன்றாகத் தெரியும். ஈக்கள் விட்டுப்போன பழைய அடையை அவன் எத்தனை முறை பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறான். பார்க்க முழுசாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்தால் பொடியாக உதிரும். அன்றைக்கு பஸ்ஸில் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மாக்கண்ணு அவன்மேல் சாய்ந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவளைத் தொடவே அவனுக்குப் பயமாக இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று அதே ஆஸ்பத்திரியில், கைகால் பயிற்சி கொடுக்கிற சரிதா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டிருந்தாள். அவள் சொன்னதில்தான் மாதையனின் தலை சுற்ற ஆரம்பித்தது.

"நீங்க எடை தூக்கணும்மா. சும்மா பேருக்கு இல்ல, நல்லா கனமா."

மாதையன் பெண்டாட்டியை முந்திக்கொண்டான். "இன்னாங்க மேடம் சொல்றீங்க? தூக்கித் தூக்கித்தானே இப்டி ஆயிட்டா? வெறகு தூக்குனா, பலாக்கா தூக்குனா, புளி மூட்டை தூக்குனா. அந்த டாக்டரு எதையும் தூக்காதன்றாரு. நீங்க தூக்குன்றீங்க."

"தலையில வெக்காதன்னுதான் அவரு சொன்னாரு. தலையில வெச்சா பாரம் நேரா முதுகெலும்புல எறங்கி அமுக்கும். நான் சொல்றது கால்ல, இடுப்புல, கையில தூக்கறது. மொதல்ல கொஞ்சமா, அப்பறம் ஏத்திக்கினே போணும். சதை இழுக்கும்போது எலும்புக்குத் தெரியும், இன்னும் வேலை இருக்கு, கெட்டியாகணும்னு."

"எலும்புக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

அம்மாக்கண்ணு மெதுவாகக் கேட்டாள். "மாசில எம் புள்ளைக்குக் கல்யாணம். அதுக்குள்ள கெட்டியாயிடுமா மேடம்?"

"எலும்பு அவ்ளோ சீக்கிரம் ஆவாதும்மா. வருசக்கணக்கா ஆவும். ஆனா உங்களுக்கு வலு வரும். அது மாசிக்குள்ளயே வரும்."

எலும்பு கெட்டியாகாது, ஆனால் வலு வருமாம். மாதையன் இந்த இரண்டையும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

கல்யாணத்தை அவள் சும்மா இழுக்கவில்லை. மகன் விஜயராஜ் வாணியம்பாடியில் ஷூ கம்பெனி வேலையில் இருக்கிறான். ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊரில் காவியாவைப் பேசி முடித்தாயிற்று. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டு. பெண் அழைக்கப் போகும்போது மாப்பிள்ளையைப் பெற்றவள் மூன்று மரக்கால் சாமையைக் கூடையில் எடுத்துப் போகவேண்டும். இப்போது ரோடு வந்துவிட்டதால் முழுவதும் நடக்கவேண்டாம். ரோடு முடிகிற புளியமரத்திலிருந்து பெண் வீட்டு வாசல்வரை, ஒரு பீடி முடிகிற தூரம். ஆனால் கூடை நடுவில் தரையைத் தொடக்கூடாது. பெண்ணைப் பெற்றவள் எதிரே வந்து தன் கையால் வாங்கி உள்ளே கொண்டுபோகவேண்டும். தாயில்லாத பிள்ளைக்கு மட்டும்தான் அத்தைக்காரி தூக்குவாள்.

"நான் தூக்கிட்டுப் போறேன் அண்ணி. இதுல இன்னா கீது?" என்று மாதையனின் தங்கை வெள்ளையம்மாள் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அம்மாக்கண்ணு அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமல், "நான் செத்தப்பறம் தூக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே ஓடை மணலை உரச்சாக்கில் கொட்டி, பலா மரத்தடியில் அம்மாக்கண்ணு எடை தூக்க ஆரம்பித்தாள். காலை அகட்டி வைப்பாள். சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே மகனுடைய பழைய கால்சட்டையைப் போட்டிருப்பாள். முதுகு வளையாமல் உட்காருவதுபோல் இறங்கி, சாக்கின் இரண்டு காதையும் பிடித்து, வயிற்றோடு அணைத்து எழுந்திருப்பாள். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்து இறக்குவாள். மறுபடியும் தூக்குவாள். பள்ளிக்கூடத்து மதிலோரம் மட்டும்தான் போனில் டவர் கிடைக்கும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கொண்டுபோவாள். போனில் சரிதாவின் முகம் தெரியும். "முதுகு, முதுகு... அம்மா, முட்டி வெளிய... ம், அப்டிதான்" என்று அந்த முகம் கத்தும். மதிலின்மேல் பாதி ஊர் உட்கார்ந்து பார்க்கும்.

அதே நேரத்தில் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாதையன் அந்த வழியாக வருவான். வேறு யார் தூக்குவது?

அம்மாக்கண்ணுவின் தம்பி தாண்டவராயனுக்கு இது போதாதா? "இன்னா மாமா, வூட்ல ஏதாவது மாத்திக்கினீங்களா? எங்க அக்கா பயில்வானு, நீ வெறகுக்காரி. நாளைக்கு நீ கோலம் போடறப்போ சொல்லு, வந்து பாக்கறேன்."

"போடா டேய். உங்க அக்கா எலும்புக்குத் தெரியணுமாம்."

"இன்னா தெரியணுமாம்?"

"அதான்டா எனக்கும் தெர்ல."

உண்மையாகவே தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முறை எழும்போதும் அவன் காதில் பழைய அடை நொறுங்குகிற சத்தம் கேட்டது. மாதத்துக்கு இரண்டு படி மணல் ஏற்றச் சொல்லியிருந்தாள் சரிதா. அம்மாக்கண்ணு ஏற்றினாள். மூட்டை கொழுத்தது. நிறுத்து என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்துவிட்டுத்தான் மாதையன் இந்தத் திருட்டில் இறங்கினான். அவள் தூக்கினமாதிரியும் இருக்கும், உடம்பு நோகாதமாதிரியும் இருக்கும். கல்யாணம் நெருங்கும்போது எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் புயல் மழை ஒன்று வந்தது. அவள் ஆட்டுக்கொட்டகையில் இருந்தாள். மூட்டை நனைகிறதே என்று மாதையன் ஓடிப்போய்த் தூக்கினான்.

மூட்டை எழவில்லை.

இன்னொரு தரம் பிடித்தான். தரையை விட்டுக் கிளம்பியது, ஆனால் இடுப்பு வரைக்கும் வரவில்லை. அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை நாளாக அள்ளி அள்ளிக் கொட்டியதில் பலா மரத்தடியில் ஒரு மேடே ஆகியிருந்தது. சாக்கில் இருப்பது பாதிக்குமேல் உமி. உமி என்ன கனம் இருக்கும்? மழையில் நின்றபடி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டை அமுக்கினான். அப்படியானால் வலு போனது தனக்கா?

அன்று மொச்சைக்கொட்டைக் குழம்பும் சாமைச் சோறும் போட்டாள். அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. ஏமே, என்னைப் பார்த்தா எளச்சமாதிரி கீதா?"

"நீ எப்பக் கொழுத்திருந்த?" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

தை மாசம் போளூருக்குப் போனார்கள். சரிதாவின் அறையில் இரும்புக் கம்பியும், வட்டவட்டமாகத் தட்டுகளும் இருந்தன. தட்டில் எடை எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் மாதையனுக்கு உறைத்தது. இந்த நிமிஷம்வரை அவன் யோசிக்காதது அது. வீட்டில் உமியைத் தூக்கிக்கொண்டிருந்தவள் இங்கே இரும்பைத் தூக்கப்போகிறாள். இரும்பு உமியாகாது. தன்னால்தான் அவள் இங்கே முறியப்போகிறாள்.

"மேடம், இன்னைக்கு வேணாம். அவளுக்குக் காலையிலேர்ந்து தலைவலி."

"யாருக்குத் தலைவலி?" என்றாள் அம்மாக்கண்ணு. உள்ளங்கையை ஒன்றோடொன்று தேய்த்தாள். இறங்கினாள். பிடித்தாள்.

மாதையன் கண்ணை மூடிக்கொண்டான். இரும்பு தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டதும்தான் திறந்தான். அவள் முழுசாக நின்றிருந்தாள்.

"சூப்பர்மா! இன்னும் ரெண்டு தட்டு போடலாமா?"

போட்டார்கள். அதையும் தூக்கினாள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாதையன் எங்கோ பார்த்திருக்கிறான். பெண் பார்க்கப் போன அன்று, மரத்தில் இவன் ஏறிப் புளி உலுக்கியபோது கீழே நின்று சிரித்தாளே, அது. இவ்வளவு காலம் இது எங்கே போயிருந்தது?

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். மாதையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தான். இரும்பு உள்ளே வெறும் கூடாக இருக்கும் என்று அவனுக்குச் சந்தேகம். இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டான்.

"அய்யோ, இன்னாங்க பண்றீங்க?" என்று சரிதா ஓடி வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இந்த எலும்பு மெலியறது... பொண்டாட்டிக்கு வந்தா புருசனுக்கு ஒட்டுமா?"

சரிதா சிரித்தது அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும். அம்மாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் அழைப்புக்கு முந்தின நாள். புதுக் கூடையில் வெள்ளையம்மாள் சாமையை அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு பழைய சேலைத்துணி ஒன்றை எடுத்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, சும்மாடு செய்தாள். செய்து மாதையனிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு மறக்காம எடுத்துக்க."

அந்தத் துணிவளையம் அவன் கையில் நெருப்பாக இருந்தது. சும்மாடு எதற்கு? தலையில் வைக்கத்தான். தனக்கு வலு வந்துவிட்டது என்று நம்பிவிட்டாள். இனிமேலும் மறைக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அவளைப் பலா மரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"ஏமே, நான் ஒண்ணு பண்ணிட்டேன். திட்டாத. இந்த மூட்டையில மணலு இல்ல. நான் எடுத்துட்டேன். உமிதான் கீது. நீ இத்தினி நாளும் உமியத்தான் தூக்குன. அதனால நாளைக்குத் தலையில வெக்காத. ஒடைஞ்சிடுவ."

அம்மாக்கண்ணு சாக்கின் கயிற்றை அவிழ்த்தாள். அடியைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு கை மணல், பிறகு உமி, பொலபொலவென்று காற்றில் பறந்தது. பிறகு தொம், தொம் என்று ஓடைக் கற்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, கிழிந்த துணியில் சுற்றியிருந்தது. சத்தம் போடக்கூடாதென்று சுற்றியிருக்கிறாள்.

மாதையன் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பதினாலு வயசுலேர்ந்து மூட்டை தூக்கறேன்யா," என்றாள். "ஒரு கை உமி கலந்தா எனக்குத் தெரியாதா? நீ தேன்பெட்டிக்குப் போறப்ப கொட்டிட்டு அடியில கல்லு போட்டு வெப்பேன். நீ எடுப்ப, நான் போடுவேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேற எதையாவது பண்ணுவ. எடுத்தா உனக்கு நிம்மதியா இருந்துச்சி. இருந்துட்டுப் போட்டுமேன்னு வுட்டேன். ஆனா மழை அன்னைக்குத்தான் பாவமா இருந்துச்சி."

அவனுக்குக் கோபம் வரவேண்டுமா, சிரிப்பு வரவேண்டுமா என்று தெரியவில்லை. தன் வலு எங்கும் போகவில்லை என்பது மட்டும் தாமதமாக உறைத்தது. அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டே பழைய பயமும் வந்தது.

"அப்போ நாளைக்கு? தலையில வெக்கப் போறியா, இல்லியா?"

அம்மாக்கண்ணு காலிச் சாக்கை உதறினாள்.

"தெர்லய்யா. மேடம் வெக்காதன்றாங்க. ஊரு வெய்யின்னும். எனக்கே தெர்ல."

புளியமரத்தடியில் வேன் நின்றது. மாசி மாசத்து வெயில். மரத்தில் யாரோ காய் உலுக்கியிருந்தார்கள், தரையெல்லாம் ஓடு. மேளக்காரர் இருவர் முன்னால் நின்றார்கள். தாண்டவராயன் கூடையை வேனிலிருந்து இறக்கித் தார்ப்பாயின்மேல் வைத்தான். வைத்ததும் கும்பல் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஓடைக்கு அந்தப்பக்கம் பெண் வீட்டுப் பந்தல் தெரிந்தது. வாசலில் காவியாவின் அம்மா முனியம்மா மஞ்சள் புடவையில் நின்றிருந்தாள்.

"சும்மாடு எங்கண்ணா?" என்றாள் வெள்ளையம்மாள்.

மாதையன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். வியர்வையில் நனைந்திருந்தது. நீட்டினான். மகன் விஜயராஜ் பட்டுவேட்டியில் நின்றபடி, "நைனா, அம்மா தூக்க வேணாம்னு சொல்லு" என்றான்.

அம்மாக்கண்ணு சும்மாட்டைப் பார்த்தாள். வாங்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். காலை அகட்டினாள். முதுகு வளையாமல் இறங்கிக் கூடையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். மூச்சை இழுத்தாள். எழுந்தாள்.

கூடை அவள் நெஞ்சோடு இருந்தது.

கும்பலில் ஒரு முனகல். யாரோ ஒரு கிழவர் சொன்னார், "இன்னாம்மா இது? தலையில வெய்யி."

"கீழ வெக்கக்கூடாதுன்னுதானே வழக்கம்?" மூச்சுக்கு நடுவில் அவள் சொன்னாள். "கீழ வெக்க மாட்டேன். வழி வுடுங்க."

கிழவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். தலை என்று யாராவது எப்போதாவது சொன்னார்களா, இல்லை எல்லோரும் தலையில் வைத்ததால் தலை ஆகிவிட்டதா என்று அந்த இடத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவர்கள் யோசிப்பதற்குள் அவள் நடந்துவிட்டாள். மேளக்காரர்கள்தான் திடுக்கிட்டுப் பின்னால் ஓடினார்கள்.

மாதையன் பக்கத்திலேயே போனான். இரண்டு கையையும் ஏந்தினமாதிரி வைத்துக்கொண்டு, எதைப் பிடிக்க என்று தெரியாமல். அவள் முகத்தில் வியர்வை ஓடியது. கூடையின் விளிம்பில் மோவாயை ஊன்றியிருந்தாள். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான். ஈரப்பாறையில் அவள் கால் வைத்தபோது அவன் காது கூர்மையானது. நொறுங்குகிற சத்தம் எதுவும் இல்லை. அவள் மூச்சுதான் கேட்டது, துருத்தி மாதிரி.

"எறங்குதா?"

"பேசாம வாய்யா."

பந்தல் வாசலில் முனியம்மா வழக்கப்படி இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அங்கே தலைதான் இருந்தது, கூடை இல்லை. கையை எங்கே கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கீழ பாரு சம்பந்தி," என்றாள் அம்மாக்கண்ணு. "வாங்கிக்க."

முனியம்மா கையை இறக்கிக் கூடையைப் பிடித்தாள். தலையில் எவ்வளவு வைத்தாலும் நடக்கிறவள்தான். ஆனால் கைக்கு இந்தக் கனம் பழக்கமில்லை. கூடை சாய்ந்தது. "அய்யோ!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அம்மாக்கண்ணு விடவில்லை. "முட்டிய மடக்கு. முதுக நேரா வெய்யி. வயித்தோட அணைச்சிக்க... ம், அப்டிதான்." இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி, நண்டு நடக்கிறமாதிரி பக்கவாட்டில் அடியெடுத்து, கூடையை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஒரு சாமையும் சிந்தவில்லை.

உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. வெளியே தாண்டவராயன் மாதையனின் தோளில் கை போட்டான். வாய்வரைக்கும் ஒரு கிண்டல் வந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி மாமா" என்றான்.

மாதையன் கையில் சும்மாடு இன்னும் இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் பந்தற்கால் ஓரம் நின்றான். கொஞ்ச நேரத்தில் அம்மாக்கண்ணு வெளியே வந்தாள். கை இரண்டையும் உதறிக்கொண்டிருந்தாள். புடவை முழுக்கத் தவிடு.

"ஏமே, வலிக்குதா?"

"வலிக்காம?"

"முதுகா?"

"கையி. தொடை. எல்லாம்." அவள் நிதானமாக யோசித்தாள். "முதுகு இல்ல."

அவன் நம்பினானா என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. அவள் அவன் கையிலிருந்த சும்மாட்டைப் பிடுங்கி, முடிச்சை அவிழ்த்து, உதறினாள். முறுக்கிய துணி அவ்வளவு எளிதில் நேராகவில்லை. சுருண்டு சுருண்டு வந்தது. அதைக் கொண்டு முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் முழுக் கனத்தையும் அவன்மேல் போட்டுச் சாய்ந்தாள்.

மாதையன் இந்த முறை மூச்சைப் பிடிக்கவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டான்.